'திஸ்'ஸும் 'தட்'டும்: கிட்டவும் எட்டவும் மட்டும்தானா?

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு பிள்ளை 6 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, படிவம் 1க்கு மலாய் வழிப் பள்ளிக்குப் போகிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய், வாரத்தில் சில பாடவேளைகள் ஆங்கிலம். 'திஸ்'ஸுக்கும் 'தட்'டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டால் உடனே பதில் வரும்: "கிட்ட இருந்தா திஸ், தூரத்துல இருந்தா தட்." அம்மா அப்பாவைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். கட்டுரை எழுதும்போதும், பெரியவர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசும்போதும் தடுமாற வைப்பது மறுபாதி. அதைப் புரிய வைக்கப் பழைய ஆங்கில இலக்கிய வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறோம். பயிற்சிப் புத்தகத்து "திஸ் இஸ் எ பென்" என்ற வாக்கியத்தை நிஜத்தில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. நாடக வாக்கியத்தையோ ஓர் ஆள், ஓர் இடத்தில் நின்று, ஒரு தேவைக்காகச் சொல்கிறான். சுட்டுச்சொல்லுக்கு அந்த மூன்றும் வேண்டும்.

சுட்டுச்சொல் என்றால், விரல் நீட்டிக் காட்டுவதுபோல் ஒன்றைக் காட்டும் சொல். ஆங்கிலத்தில் நான்கு: ஒன்றைக் காட்ட திஸ், தட், பலவற்றைக் காட்ட தீஸ், தோஸ்.

குலை மரத்தில் இருக்கும்போது, தரையில் விழுந்த பிறகு

செம்பனை வெட்டுபவர் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளோடு மரத்தடியில் நிற்கிறார். முதலில் தரையைப் பார்க்கிறார். உதிரிப் பழம் கிடந்தால் மேலே குலை பழுத்திருக்கிறது. அண்ணாந்து பார்த்து, "அந்தக் குலைதான்" என்கிறார். ஆங்கிலத்தில் தட். வெட்டுகிறார், குலை காலடியில் வந்து விழுகிறது. இப்போது "இந்தக் குலை", திஸ். சிதறிய பழங்களைப் பார்த்து, பழம் பொறுக்குபவரிடம் "இதையெல்லாம் பொறுக்கு" என்றால் தீஸ். அதே நேரத்தில் பக்கத்து நிரையில் நின்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்தக் குலையையே தட் என்கிறார்.

குலை ஒன்றுதான். சொல்லை மாற்றியது, பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது. ஆகவே தூரத்தை எப்போதும் பேசுபவரின் காலடியிலிருந்து அளக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கையில் ஒரு மாம்பழத்தைப் பிடித்து "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால், கடைசி வரிசைப் பையன் "திஸ் இஸ் எ மேங்கோ" என்று அவர் சொல்லைத் திருப்பிச் சொல்வது இதனால்தான் பொருந்துவதில்லை. பழம் அவன் கையில் இல்லை. "தட்ஸ் எ மேங்கோ" என்றோ, "இட்ஸ் எ மேங்கோ" என்றோ சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் இயல்பு. ஒருவர் சுட்டிக் காட்டியாகிவிட்டது, மறுபடி சுட்ட அவசியமில்லை.

இனி ஷேக்ஸ்பியரின் மெக்பெத். அரசனைக் கொல்லப் போகிறவனுக்கு நள்ளிரவில், வெறும் காற்றில், ஒரு குத்துவாள் தெரிகிறது. "இஸ் திஸ் எ டேகர் விச் ஐ சீ பிஃபோர் மீ?" என் கண்முன் தெரியும் இது ஒரு குத்துவாளா? அங்கே வாளே கிடையாது. இல்லாத பொருளுக்கு அடிக்கணக்கு எது? ஆனாலும் அவன் திஸ் என்கிறான். பிடி என் கையை நோக்கி இருக்கிறது என்று அடுத்த வரியில் சொல்கிறான். எட்டிப் பிடிக்கவும் பார்க்கிறான். கைக்கு எட்டும் என்று மனம் நினைத்துவிட்டால் அது திஸ். இங்கே தட் போட்டிருந்தால் அவன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான்.

சுருக்கமாக: அளவுகோல் பேசுபவரிடம் இருக்கிறது, அதில் அவர் மனமும் கலந்திருக்கிறது.

தமிழில் மூன்று இருந்தன

தமிழ்ப்பள்ளியில் சுட்டெழுத்து மூன்று என்று படித்திருப்போம். "அ இ உம் முதல் தனிவரின் சுட்டே" என்கிறது நன்னூல். 'உ' நம் தோட்டப் பேச்சில் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'உது', 'உவன்' இன்றும் உண்டு. ஆங்கிலத்திலும் ஒரு மூன்றாவது சொல் இருந்தது: யாண்டர். ரோமியோ இருட்டில் நின்றுகொண்டு ஜூலியட்டின் சன்னலைப் பார்த்து, "வாட் லைட் த்ரூ யாண்டர் விண்டோ ப்ரேக்ஸ்?" என்கிறான். தொலைவில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற, 'அதோ' என்று காட்டக்கூடிய சன்னல். இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் கிட்டத்தட்டப் போய்விட்டது. தட் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஒன்றா, பலவா: இங்கேதான் நாம் அதிகம் சறுக்குகிறோம்

தமிழில் 'இந்தப் புத்தகம்', 'இந்தப் புத்தகங்கள்' என்போம். பின்னால் 'கள்' சேர்ந்தாலும் 'இந்த' அசையாது. மலாயிலும் அப்படித்தான்: 'புக்கு இனி', 'புக்கு-புக்கு இனி'. 'இனி' மாறுவதில்லை. நமக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் மாறாத ஒன்று ஆங்கிலத்தில் மட்டும் மாறுகிறது. 'திஸ் புக்ஸ்' என்று வாயில் வருவது சோம்பலால் அல்ல. இரண்டு மொழியின் பழக்கம் அது. தெரிந்துகொண்டால் திருத்துவது சுலபம்: வாயைத் திறக்கும் முன் பெயர்ச்சொல்லின் வாலைப் பார்க்க வேண்டும்.

மெக்பெத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி இதற்கு நல்ல பாடம். கொலை முடிந்துவிட்டது. கணவன் கையெல்லாம் ரத்தம். மனைவி சொல்கிறாள்: "தீஸ் டீட்ஸ் மஸ்ட் நாட் பி தாட் ஆஃப்டர் தீஸ் வேய்ஸ்." இந்தச் செயல்களை இந்த விதங்களில் நினைத்துப் பார்க்கவே கூடாது, பார்த்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அவள் அச்சம். டீட்ஸ், வேய்ஸ் இரண்டும் பன்மை, ஆகவே இரண்டு முறையும் தீஸ். அதே காட்சியில் அவன் கேட்கிறான்: கடல் முழுவதும் சேர்ந்தாலும் "திஸ் ப்ளட்" என் கையிலிருந்து கழுவிப் போகுமா? கை நிறைய ரத்தம், ஆனால் தீஸ் வரவில்லை. ரத்தத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. இப்படிப்பட்டவை எண்ணமுடியாப் பெயர்கள். எவ்வளவு இருந்தாலும் திஸ் அல்லது தட் மட்டுமே எடுக்கும்.

பிள்ளைகளைக் கவிழ்ப்பவை இந்த வகையிலேயே ஐந்தாறு சொற்கள்: ஹோம்வொர்க், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மெண்ட், அட்வைஸ். நாற்பது மேசை இருந்தாலும் 'திஸ் ஃபர்னிச்சர்'தான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. சில்ட்ரன், பீப்பிள், மென், ஃபீட் ஆகியவற்றின் கடைசியில் 'ஸ்' கிடையாது, ஆனால் அவை பன்மை. ஆகவே 'தீஸ் சில்ட்ரன்', 'தோஸ் பீப்பிள்'.

ஒருமை பன்மை சரியாகத் தெரிந்தும் உச்சரிப்பால் மாட்டிக்கொள்வதுண்டு. திஸ், தீஸ் இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் கேட்பவருக்குத் தப்பாகவே விழும். முதலாவதில் 'இ' குறில், கடைசி 'ஸ்' வெறும் காற்று. இரண்டாவதில் 'ஈ' நெடில், கடைசி 'ஸ்' தேனீ ரீங்காரம்போல் அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும். நான்கு சொல்லிலும் முதலில் வருவது வல்லின 'த' இல்லை, 'ட' ஒலியும் இல்லை. 'அது' என்று பேச்சில் சொல்லும்போது நடுவில் மெதுவாக வருகிறதே, அந்த 'து'வின் ஒலி. 'அது' என்று சொல்லி, 'அ'வை விழுங்கிவிட்டுத் தொடங்கினால் 'தட்' தானாக வரும். தமிழ் நாக்குக்குக் கிடைத்த வசதி இது.

பொருளை விட்டுச் சொல்லைச் சுட்டும்போது

தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. பேச்சிலும் எழுத்திலும் நாம் மேசை நாற்காலியைவிட, சொன்னதையும் சொல்லப் போவதையுமே அதிகம் சுட்டுகிறோம்.

தமிழில் கேட்டுப் பாருங்கள். "மேலே படிக்கிறதா, வேலைக்குப் போறதா, அதுதான் கேள்வி." சொன்னது முடிந்துவிட்டது, பின்னால் திரும்பிப் பார்த்து 'அது' என்கிறோம். "இது முக்கியம், கேட்டுக்க: காசு விஷயத்துல யாரையும் நம்பாத." சொல்லப் போவது இன்னும் வரவில்லை, முன்னால் பார்த்து 'இது' என்கிறோம். இதை யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை, தாய்மொழியில் தானாக வருகிறது.

ஆங்கிலமும் இதே வழிதான், ஹேம்லட் நாடகத்திலேயே இரண்டும் இருக்கின்றன. "டு பி, ஓர் நாட் டு பி, தட் இஸ் த குவெஸ்சன்." இருப்பதா, இல்லாமல் போவதா, அதுதான் கேள்வி. தட் பின்னால் பார்க்கிறது. அதற்கு முன்பே, வெளிநாடு போகும் மகனுக்குப் பொலோனியஸ் புத்தி சொல்கிறார்: "திஸ் அபவ் ஆல்: டு தைன் ஓன் செல்ஃப் பி ட்ரூ." எல்லாவற்றுக்கும் மேலாக இது: உனக்கு நீ உண்மையாக இரு. திஸ் முன்னால் பார்க்கிறது. இங்கே சொல்களை இடம் மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு உடனே உறுத்தும். முன்னால் வரப் போவதைக் காட்ட தட் உதவாது.

அப்படியென்றால் திஸ் பின்னால் பார்க்கவே பார்க்காதா? பார்க்கும். டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்மஸ் கதையின் தொடக்கத்தில், மார்லி என்ற பாத்திரம் இறந்துபோனதில் சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டு உடனே எழுதுகிறார்: "திஸ் மஸ்ட் பி டிஸ்டிங்க்ட்லி அண்டர்ஸ்டுட்." இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சொல்லப் போகும் கதையில் அதிசயமே இருக்காது. மார்லி இறந்த செய்தி பின்னால்தான் இருக்கிறது, ஆனாலும் திஸ். ஏனென்றால் அந்தச் செய்தியை அவர் இன்னும் கையில் வைத்திருக்கிறார், கதையே அதன்மேல்தான் நிற்கப் போகிறது. ஹேம்லட்டின் தட் கேள்வியை முடிச்சுப் போட்டு வைக்கிறது. டிக்கன்ஸின் திஸ் செய்தியைத் திறந்து வைத்து அதற்குமேல் பேசுகிறது. குலை மாதிரியேதான்: காலடியில் கிடந்தால் திஸ்.

படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத் தாள் எழுதும் பிள்ளைக்கு இது நேரடியாக உதவும். தோட்டச் சாலையைப் பற்றி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். லோரிகள் ஓடிச் சாலை குழியாகிவிட்டது, மழை பெய்தால் சேறு, பள்ளிப் பேருந்து உள்ளே வருவதில்லை, பிள்ளைகள் விடியலிலேயே நடந்து போகிறார்கள் என்று நான்கு வாக்கியம். ஐந்தாவது, 'திஸ் இஸ் டேஞ்சரஸ்' என்று வருகிறது. எது ஆபத்து? லோரியா, சேறா, இருட்டில் நடப்பதா? வாசிப்பவர் நான்கையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்து ஒரே சொல்தான்: திஸ் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைப்பது. 'திஸ் வாக் இஸ் டேஞ்சரஸ்' என்றால் நடைதான் ஆபத்து என்று நின்றுவிடும். ஜேன் ஆஸ்டின் 1813இல் வந்த தம் நாவலில், பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகறிந்த உண்மை என்று முதல் வாக்கியம் எழுதிவிட்டு, இரண்டாம் வாக்கியத்தில் அதை 'திஸ் ட்ரூத்' என்று பெயரோடு பிடிக்கிறார். வெறும் திஸ் போட்டு விடவில்லை.

சுருக்கமாக: முன்னால் வருவதற்குத் திஸ் மட்டும், பின்னால் போனதற்கு இரண்டும் வரலாம், பேச்சைத் தொடர்ந்தால் திஸ், முடித்துவைத்தால் தட், எழுதும்போது கூடவே ஒரு பெயர்ச்சொல்.

காலமும் பாசமும்

காலத்தில் எட்டப் போனதற்குத் தோஸ். ஆங்கிலக் கவிஞர் ப்ளேக்கின் பாட்டு "அண்ட் டிட் தோஸ் ஃபீட் இன் ஏன்ஷண்ட் டைம்" என்று தொடங்குகிறது: பழங்காலத்தில் அந்தப் பாதங்கள் இங்கே நடந்தனவா? தாத்தா லயத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசினால் 'இன் தோஸ் டேய்ஸ்'. இன்றைய நிலையைச் சொன்னால் 'தீஸ் டேய்ஸ்'; முன்னால் 'இன்' போடாமல் சொல்வதே வழக்கம்.

பாசத்திலும் கிட்டவும் எட்டவும் உண்டு. இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில் சாகும் தறுவாயில் ஒரு முதியவர் தன் நாட்டைச் சொல்கிறார்: "திஸ் எர்த், திஸ் ரெல்ம், திஸ் இங்கிலாண்ட்." இங்கிலாந்து ஒன்றுதான் இருக்கிறது, எந்த இங்கிலாந்து என்று யாரும் கேட்கப் போவதில்லை. திஸ் அங்கே அணைத்துக்கொள்கிறது.

எல்லா 'தட்'டும் சுட்டு இல்லை

தட் மூன்று வேலை செய்யும். ஒன்று சுட்டு. இன்னொன்று இணைப்பு, தமிழில் 'என்று' செய்யும் வேலை: மார்லி இறந்தான் என்று, இறந்தான் என்பதில். மூன்றாவது, ஒரு பெயரைப் பற்றி மேலும் சொல்லும் துண்டைக் கொண்டுவந்து ஒட்டுவது. தமிழில் 'வந்த பையன்', 'விழுந்த குலை' என்று பெயரெச்சம் செய்யும் வேலை. மூன்றையும் பிரிக்கத் தமிழைவிட நல்ல சல்லடை இல்லை. வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள். 'அது' அல்லது 'அந்த' வந்தால் சுட்டு. 'என்று' வந்தால் இணைப்பு. தட் காணாமல் போய் வினைச்சொல்லோடு கரைந்துவிட்டால் மூன்றாவது வகை.

"ஆல் தட் கிளிஸ்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்." மின்னுவதெல்லாம் பொன்னல்ல. 'தட்' எங்கே போனது? 'மின்னுவது' என்பதற்குள் கரைந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்துப் பாட்டு ஒன்றில் கடலில் மூழ்கியவனைப் பற்றி வரும் வரி: "தோஸ் ஆர் பேர்ல்ஸ் தட் வேர் ஹிஸ் ஐஸ்." அவன் கண்களாக இருந்தவை, அவை இப்போது முத்துகள். தோஸ் சுட்டு, 'அவை' என்று நிற்கிறது. தட் 'இருந்தவை'க்குள் கரைந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னாலும் தெரியும்: சுட்டும் 'தட்' அழுத்தமாக ஒலிக்கும், மற்ற இரண்டும் 'தெட்' என்று தேய்ந்துபோகும்.

அமெரிக்க அதிபர் லிங்கன் 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஆற்றிய சிறு உரையில் இரண்டு தட் தோளோடு தோள் நிற்கின்றன: உயிர் கொடுத்தார்கள், "தட் தட் நேஷன் மைட் லிவ்." முதல் தட், வாழ வேண்டும் 'என்று'. இரண்டாவது 'அந்த' நாடு. அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடக் கூடாது. அந்த உரையில் இன்னொன்றும் இருக்கிறது. முன்னோர் உருவாக்கிய நாட்டைச் சொல்லும்போது 'தட் நேஷன்' என்பவர், கேட்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லும் கடைசி வாக்கியத்தில் 'திஸ் நேஷன்' என்கிறார். மரத்தில் இருந்த குலை கைக்கு வந்துவிட்டது.

'அந்த'வும் 'இத்து'வும் செய்யும் கோளாறு

நம் பக்கத்துக்கே உரிய பிழை ஒன்று. தமிழிலும் மலாயிலும், 'த புக்' என்பதில் வரும் 'த' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையே கிடையாது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஆளைத் தமிழில் 'அந்த ஆளு' என்போம், மலாயில் 'ஓராங் இத்து'. எதையும் சுட்டாவிட்டாலும் 'அந்த', 'இத்து' வந்துவிடும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'தட் மேனேஜர் கேம்', 'தட் டீச்சர் செட்' என்று தட் மழை பொழியும். கேட்பவருக்கு, பல மேனேஜர்களில் எந்த மேனேஜர் என்ற கேள்வி எழும். அல்லது பேசுபவருக்கு மேனேஜர்மேல் கோபம்போல என்று தோன்றும், ஏனென்றால் தெரிந்த ஆளைத் தட் என்று தள்ளி வைப்பது பிடிக்காததைக் காட்டும் வழி. நல்லெண்ணத்தோடு சொன்ன வார்த்தை மரியாதைக் குறைவாகப் போய்ச் சேர்வது வருத்தமான விஷயம்.

இதற்கு ஒரு சோதனை: 'அந்த' என்ற இடத்தில் விரலை நீட்ட முடியுமா, அல்லது 'இது இல்லை, அது' என்று எதிரே இன்னொன்றை வைக்க முடியுமா? முடிந்தால் தட். முடியாவிட்டால் 'த'. நாம் இவை இரண்டையும் குழப்புவதில் ஒரு பழைய நியாயமும் இருக்கிறது: பழைய ஆங்கிலத்தில் இன்றைய தட் சொல்லின் மூதாதைதான் 'த' செய்யும் வேலையையும் செய்தது. பிறகுதான் பிரிந்தன.

ஒரு வரியை வைத்துப் பயிற்சி

வாரத்துக்கு ஒரே ஒரு வரி போதும். முதலில் வாய்விட்டுப் பத்து முறை சொல்ல வேண்டும். பிறகு யார், எங்கே நின்று, எதைக் காட்டிச் சொல்கிறார் என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதன்பிறகு பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றி, சுட்டும் வினையும் அதோடு மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ராபர்ட் ஃப்ராஸ்டின் 1923இல் வந்த கவிதையின் முதல் வரியை எடுங்கள்: "ஹூஸ் வுட்ஸ் தீஸ் ஆர் ஐ திங்க் ஐ நோ." இது யாருடைய காடு என்று எனக்குத் தெரியும் என நினைக்கிறேன். காட்டோரம் நின்று சொல்கிறார், ஆகவே கிட்ட. வுட்ஸ் பன்மை, ஆகவே தீஸ், ஆர். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்சாலையில் நின்று செம்பனை மரங்களைக் காட்டிச் சொன்னால் 'ஹூஸ் ட்ரீஸ் தீஸ் ஆர்'. தோட்டத்தையே காட்டினால் 'ஹூஸ் எஸ்டேட் திஸ் இஸ்'. ஆற்றுக்கு அந்தக் கரையில் தெரியும் மரங்கள் என்றால் 'ஹூஸ் ட்ரீஸ் தோஸ் ஆர்'. ஒவ்வொரு முறையும் சுட்டு முன்னால், வினை பின்னால். 'ஐ நோ ஹூஸ் ட்ரீஸ் ஆர் தீஸ்' என்று திருப்பிப் போட்டால் பாதியில் கேள்வியாகிவிடும். தெரியும் என்று சொல்கிறவர் கேள்வி கேட்பதில்லை.